மசூரை எந்த வயலில் விதைப்பது, எப்போது விற்பது?

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஸ்விஃப்ட் கரண்ட் நகருக்கு அருகே 320 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரியாக உளுந்தும் பாசிப்பயறும் விளைவித்த குடும்பத்தில் பிறந்தவர். இங்கே முதல்முறையாகச் சொந்தப் பொறுப்பில் விதைக்கப்போகிறார். நிலம் 160 ஏக்கர் வீதம் இரண்டு வயல்களாக உள்ளது. கிழக்கு வயலில் மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்டாணியும் சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு மசூரும் (மைசூர்ப் பருப்பு) விளைந்தன. அந்த மசூர் ஜூலையில் பள்ளப் பகுதிகளில் மஞ்சளித்துப்போனதாக நிலத்தின் உரிமையாளர் சொல்லியிருக்கிறார். மேற்கு வயலில் இரண்டு ஆண்டுகளாக டூரம் கோதுமை, அதற்கு முன் கடுகு. எட்டு ஆண்டுகளாகப் பருப்புப் பயிர் எதுவும் அங்கே இல்லை. கொள்முதல் நிறுவனம் ஒன்று 320 ஏக்கரிலும் சிவப்பு மசூர் விதைக்கும்படியும், ஏக்கருக்கு முதல் 10 புஷலை (600 பவுண்டை) இப்போதே நிர்ணயித்த விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்திடலாமா, உரம் எவ்வளவு இடுவது, மீதி விளைச்சலை அறுவடையின்போதே விற்பதா, விலை ஏறும்வரை வைத்திருப்பதா என்பவை அவர் கேட்கும் கேள்விகள். “பருப்புப் பயிருக்கு உரம் எதற்கு, அதுதானே மண்ணுக்கு உரம்” என்று ஊரிலிருந்து அப்பா சொல்வதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மேற்கு வயலில் மசூர் விதையுங்கள். கிழக்கு வயலில் இந்த ஆண்டு மட்டுமல்ல, உங்கள் குத்தகைக் காலம் முடியும்வரை மசூரோ பட்டாணியோ விதைக்க வேண்டாம். ஒப்பந்தத்தை 160 ஏக்கருக்கு மட்டும் என்று திருத்தி, நான் கீழே சொல்லும் ஒரு விதி அதில் இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள்.

கிழக்கு வயலை ஏன் இவ்வளவு உறுதியாக விலக்குகிறேன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளப் பகுதியில் ஜூலையில் மஞ்சளிப்பது நீர் தேங்கியதால் மட்டும் வந்திருக்கலாம் என்று உரிமையாளர் நினைப்பது இயல்பு. ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் பட்டாணியும் மசூரும் அடுத்தடுத்து வந்த நிலத்தில் இந்த அறிகுறி தெரிந்தால், நான் முதலில் சந்தேகிப்பது அஃபனோமைசிஸ் என்ற வேரழுகல் நோயைத்தான். இந்த மாகாணத்தில் அது 2012-இல் உறுதிசெய்யப்பட்டது. பூஞ்சை போலத் தோன்றினாலும் உண்மையில் நீரில் நீந்திச் சென்று வேரைத் தாக்கும் வித்துகளை உண்டாக்கும் உயிரி அது. ஆகவேதான் ஈரமான வசந்தத்திலும் பள்ளங்களிலும் அதன் கை ஓங்குகிறது. தாக்கப்பட்ட வேர் தேன் நிறத்துக்கு மாறி மெலிகிறது, காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துத்தரும் வேர் முடிச்சுகள் அழிகின்றன, அந்தச் சத்து கிடைக்காமல் செடி அடியிலிருந்து மஞ்சளிக்கிறது. அது மண்ணில் விட்டுச்செல்லும் தடித்த சுவர் கொண்ட வித்துகள் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். விதை நேர்த்தி மருந்து தொடக்க வாரங்களில் ஓரளவு தடுக்குமே தவிர, பருவம் முழுவதும் காப்பாற்றாது. நின்ற பயிரில் தெளித்துக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. நோய் கண்ட நிலத்தில் பட்டாணி, மசூர் இரண்டையும் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் தள்ளி வைக்க வேண்டும் என்பதே இங்கே எல்லா ஆய்வு நிலையங்களும் சொல்லும் அறிவுரை.

இதை ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. 2016-இல் மசூர் விலை உச்சத்தில் இருந்த நேரத்தில், நான் ஆலோசனை கூறிவந்த பண்ணை ஒன்றில், மூன்று ஆண்டு இடைவெளி போதும் என்று நானே ஒப்புக்கொடுத்தேன். அந்தக் கோடையில் மழை விடவில்லை. ஆகஸ்டில் அந்த வயலின் பாதியில் அறுக்க எதுவும் நிற்கவில்லை. அந்தக் குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தில் பெரும்பங்கு என் சொல்லால் போயிற்று என்ற நினைவு எனக்கு இன்றும் உண்டு. அதன் பிறகு, விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், வயலின் பயிர் வரலாற்றைப் பார்க்காமல் நான் பருப்புக்குச் சம்மதிப்பதில்லை.

மண்ணைச் சோதித்து உறுதிசெய்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். மண்ணிலும் வேரிலும் இந்த உயிரியின் மரபணுவைத் தேடிச் சொல்லும் ஆய்வகங்கள் உள்ளன. ஆனால் இப்போது பிப்ரவரி. நிலம் உறைந்து கிடக்கிறது. ஏப்ரல் இறுதியில் உருகியபின் மாதிரி எடுத்து முடிவு வருவதற்குள் விதைப்புப் பருவம் வந்துவிடும். அதோடு, மாதிரியில் நோய் தென்படவில்லை என்றால் எடுத்த இடத்தில் இல்லை என்று மட்டுமே பொருள், வயலில் இல்லை என்று பொருளில்லை. கிழக்கு வயலில் இந்த ஆண்டு கடுகோ டூரம் கோதுமையோ போடுங்கள். பள்ளங்களில் மண் மாதிரியைப் பொறுமையாக எடுத்துச் சோதித்து, முடிவை உரிமையாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். கொண்டைக்கடலை இந்த நோயை நன்றாகத் தாங்கும் என்பதால் சிலர் அதைப் பரிந்துரைப்பார்கள். அது உண்மையே, ஆனால் கொண்டைக்கடலைக்கு அஸ்கோகைட்டா என்ற கருகல் நோய் பெரும் எதிரி, அதற்குப் பருவத்தில் பலமுறை மருந்து தெளிக்க வேண்டிவரும், அறுவடையும் தாமதமாகும். முதல் ஆண்டில் அந்தச் சுமையை ஏற்க வேண்டாம்.

இனி மேற்கு வயல். அங்கே நோயின் பயம் குறைவு. எனினும் இரண்டு செய்திகளை உறுதிசெய்துகொள்ள வேண்டும். சென்ற இரண்டு ஆண்டுகளில் டூரம் கோதுமைக்குத் தெளித்த களைக்கொல்லிகளின் பட்டியலை உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். குறிப்பாகக் குளோபைராலிட் சேர்ந்த மருந்து ஏதேனும் தெளித்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள். வறண்ட ஆண்டுகளில் அதன் எச்சம் மண்ணில் சிதையாமல் தங்கும். கோதுமைக்கு ஒன்றும் ஆகாத அந்த அளவே மசூர் இலையைச் சுருட்டிவிடும். இரண்டாவது, அந்த வயலில் கோச்சியாக் களை எவ்வளவு இருக்கிறது என்பது. இமாசமாக்ஸ் வகைக் களைக்கொல்லியைத் தாங்கும் மசூர் ரகங்களை, எடுத்துக்காட்டாகச் சி.டி.சி. மேக்ஸிமை, விதைத்தால் களைத் தொல்லை தீர்ந்துவிடும் என்று விதை விற்பவர்கள் சொல்வார்கள். பிரெய்ரி என்னும் இந்த மேற்குக் கனடாச் சமவெளியில் உள்ள கோச்சியா அந்த வகை மருந்துக்கு ஏறக்குறைய முழுவதும் எதிர்ப்புப் பெற்றுவிட்டது. பல இடங்களில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லிக்கும் அடங்குவதில்லை. மசூரோ முழங்கால் உயரம்கூடப் பல ஆண்டுகளில் எட்டாத, களையோடு போட்டியிடத் தெரியாத பயிர். ஆகவே விதைப்புக்கு முன்பே, வேறு வகை மருந்தைக் கொண்டு கோச்சியாவை ஒழித்துவிட வேண்டும். பயிருக்குள் வந்தபின் வழியில்லை.

விதைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்ணின் வெப்பம் விதை ஆழத்தில் 5 டிகிரி செல்சியஸை எட்டியதும் விதைக்கலாம். இங்கே அது பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிக்குள் அமையும். பனி விழுமே என்று அஞ்ச வேண்டாம். மசூரின் வளர்முனை மண்ணுக்கடியில் இருப்பதால், மேலே கருகினாலும் கீழிருந்து மீண்டும் துளிர்க்கும். சதுர அடிக்கு 12 செடிகள் நிற்க வேண்டும். ஆயிரம் விதையின் எடை 40 கிராம், நூற்றுக்கு 85 விதை முளைத்து நிலைக்கும் என்று கொண்டால், ஏக்கருக்கு ஏறத்தாழ 54 பவுண்டு விதை தேவைப்படும். உங்கள் விதையின் எடையும் முளைப்புத் திறனும் வேறாக இருக்கும், ஆகவே பரிசோதனைச் சீட்டை வைத்துக் கணக்கிடுங்கள். விதைத்தபின் உருளையால் நிலத்தை மட்டமாக்குவது இங்கே தவறாத வேலை; மசூர்க் காய்கள் தரையை ஒட்டித் தொங்குவதால், கல்லும் கட்டியும் கிடந்தால் அறுவடை இயந்திரத்தின் வெட்டுக்கத்தி அவற்றை விட்டுவிட்டுப் போகும், அல்லது கல்லை அள்ளி உடையும்.

உரத்தைப் பற்றி உங்கள் அப்பா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் சொல்வதில் முக்கால் பங்கு இங்கேயும் செல்லும். தழைச்சத்து இடவே வேண்டாம். மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் வேர் முடிச்சுகள் தாமதமாகும், செடியும் பூப்பதை நிறுத்தாமல் பச்சையாகவே நின்று செப்டம்பர்ப் பனியில் மாட்டிக்கொள்ளும். மசூர் முற்றுவதற்குச் சிறிது வறட்சி நெருக்கடி வேண்டும் என்பது இந்தப் பயிரின் இயல்பு. ஆனால் உளுந்துக்கு உங்கள் ஊர் மண்ணில் வேர் முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர் பரம்பரையாக இருக்கிறது. எட்டு ஆண்டுகளாகப் பருப்பே காணாத மேற்கு வயலில் மசூருக்கு ஏற்ற ரைசோபியம் என்ற அந்த நுண்ணுயிர் போதிய அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதை நேர்த்தி செய்வதை நீங்கள் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். இங்கே அதே வேலையைக் குருணை வடிவில் விதைச் சாலிலேயே இட்டுச் செய்கிறோம். பட்டாணிக்கும் மசூருக்கும் ஒரே வகை ரைசோபியம் போதும். கொண்டைக்கடலைக்கு உரியது வேறு, கடையில் கவனித்து வாங்குங்கள். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மண் பரிசோதனைப்படி இடுங்கள். ஆனால் விதைச் சாலில் ஏக்கருக்கு 20 பவுண்டைத் தாண்ட வேண்டாம், முளை கருகும்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியபடி ஏக்கருக்கு 10 புஷல், அதாவது 600 பவுண்டு, நிர்ணயித்த விலைக்கு. 320 ஏக்கருக்கு அது 1,92,000 பவுண்டு ஆகிறது. சாதாரண ஆண்டில் இப்பகுதியில் ஏக்கருக்கு 1,200 பவுண்டு வரும் என்று கொண்டால், மேற்கு வயல் மட்டும் தரக்கூடிய மொத்த விளைச்சலே அவ்வளவுதான். கிழக்கு வயல் வேரழுகலில் போய்விட்டால், மேற்கு வயலின் கடைசி மணிவரை ஒப்பந்தத்துக்கே போய்ச் சேரும். வறட்சியும் சேர்ந்தால், வெளியில் மசூர் வாங்கியோ விலை வித்தியாசத்தைப் பணமாகக் கட்டியோ கணக்கை முடிக்க வேண்டிவரும். 2021-இன் பெரும் வறட்சியில் பிரெய்ரி விவசாயிகள் பலர் இப்படித்தான் சிக்கினார்கள். விளைச்சல் விழுந்ததால் சந்தை விலை ஏறியது, ஏறிய விலையிலேயே அவர்கள் பற்றாக்குறையை ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஆகவே நான் மேலே சொன்ன விதி இது: இயற்கைப் பேரிடரால் விளைச்சல் குறைந்தால் விளைந்த அளவை மட்டும் கொடுத்தால் போதும் என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் முதல் சில புஷலுக்கு இந்த விதியைத் தருகின்றன. தர மறுத்தால், அந்த ஒப்பந்தத்தைவிட ஒப்பந்தமே இல்லாமல் இருப்பது உங்களுக்கு நல்லது.

அந்தத் தாளில் இன்னும் மூன்று இடங்களைப் படியுங்கள். அடிப்படைத் தரம் எது, அதற்குக் கீழே போனால் எவ்வளவு கழிப்பார்கள் என்பது ஒன்று. எந்த மாதத்துக்குள் எடுத்துக்கொள்வார்கள், தாமதமானால் சேமிப்புக் கூலி தருவார்களா என்பது இன்னொன்று. அறுவடைக்கு முன் செடியைக் காயவைக்கத் தெளிக்கும் மருந்துகளில் எதை ஏற்கமாட்டார்கள் என்பது மூன்றாவது. வாங்கும் நாடுகள் மருந்து எச்சத்துக்கு வெவ்வேறு வரம்பு வைத்திருப்பதால் இந்தக் கடைசி விதி கடுமையாகிக்கொண்டே வருகிறது. கிளைஃபோசேட் தெளிப்பதாக இருந்தால், வயலின் மிகப் பச்சையான பகுதியிலும் விதையின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபின் மட்டுமே தெளிக்க வேண்டும். அவசரப்பட்டுத் தெளித்த ஒரு பகுதியின் மசூர் ஒரு குதிர் முழுவதையும் விற்க முடியாமல் செய்துவிடும்.

நிறுவனம் கனடா தானிய ஆணையத்தின் உரிமம் பெற்றதா என்பதை நீங்களே ஆணையத்தின் பட்டியலில் பாருங்கள். வந்து பேசுபவரின் வாய்ச்சொல் போதாது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் ஆணையத்திடம் ஈட்டுத்தொகை வைத்திருக்க வேண்டும். நிறுவனம் பணம் தராமல் மூழ்கினால் அதிலிருந்து உங்களுக்குப் பங்கு கிடைக்கும். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. சரக்கைக் கொடுத்து 90 நாளுக்குள் பணத்தை வாங்கிவிட வேண்டும். காசோலை கொடுத்தால் 30 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். தெரிந்த மனிதர்தானே என்று பணத்தை அடுத்த ஆண்டுவரை அவரிடமே விட்டுவைப்பது நம் மக்களிடம் உள்ள நல்ல குணம். இந்தத் தொழிலில் அது உங்கள் பாதுகாப்பைப் பறித்துவிடும்.

மீதியை எப்போது விற்பது என்பதற்கு வருகிறேன். கோதுமைக்கும் கனோலாவுக்கும் இருப்பதுபோல் மசூருக்கு முன்பேரச் சந்தை, அதாவது பின்னால் கொடுக்கும் சரக்குக்கு இன்றே விலை பேசும் பொதுச் சந்தை, கிடையாது. விலையைக் காப்பதற்கு உங்கள் கையில் இருப்பவை ஒப்பந்தம், குதிர், பொறுமை ஆகிய மூன்றுமே. விலையை அசைக்கும் பெரிய கை எங்கே இருக்கிறது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பருப்பு விலை ஏறியது. அதைப் பார்த்து 2016-இல் பிரெய்ரி விவசாயிகள் இதுவரை இல்லாத பரப்பில் மசூர் விதைத்தார்கள். அதே ஆண்டு இந்தியாவில் மழை பெய்து அமோக விளைச்சல் வந்தது. 2017 நவம்பரில் இந்திய அரசு மஞ்சள் பட்டாணிக்கு 50 சதவீதமும், டிசம்பரில் மசூருக்கும் கொண்டைக்கடலைக்கும் 30 சதவீதமும் இறக்குமதி வரி விதித்தது. பிறகு உள்நாட்டு விலை ஏறியபோது மசூர் வரி இறங்கியது. 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணி வரியின்றி நுழைந்தது. 2025 மார்ச்சில் மசூருக்கு 10 சதவீதம், நவம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு 30 சதவீதம் என்று மீண்டும் ஏறியது. சீனாவும் 2025 மார்ச்சில் கனடாவின் பட்டாணிக்கு 100 சதவீத வரி போட்டது. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கையெழுத்திடும் நாளில் உள்ள வரி, சரக்கு துறைமுகம் சேரும் நாளில் இருக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கோவில்பட்டியில் உளுந்து விற்கும் உங்கள் அப்பாவைப் போன்றவர்களைக் காப்பதற்காகப் போடப்படும் வரிதான் அது. அதன்மீது நமக்குக் கோபம் வர நியாயமில்லை. அதைக் கணக்கில் கொள்ளாமல் விதைப்பதுதான் தவறு.

ஆகவே விளைச்சலை மூன்று பங்காகப் பார்க்கச் சொல்வேன். ஒரு பங்கு, நான் சொன்ன விதியோடு கூடிய ஒப்பந்தத்தில் முன்கூட்டியே விலை பேசியது. 10 புஷல் என்பது மேற்கு வயலின் சாதாரண விளைச்சலில் பாதி. அதைவிடக் குறைவாக, ஏழு புஷலுக்குப் பேச முடிந்தால் நல்லது. இரண்டாவது பங்கு, அறுவடை முடிந்ததும் குத்தகை, எரிபொருள், விதைக்கடன் ஆகியவற்றைக் கட்டுவதற்கு விற்பது. அந்த நேரத்தில் விலை தாழ்ந்திருந்தாலும், வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு மசூரைக் குதிரில் வைத்துக் காப்பது முதல் ஆண்டில் வேண்டாம். மூன்றாவது பங்கைக் காத்திருக்க விடலாம். ஆஸ்திரேலிய அறுவடை நவம்பர், டிசம்பரில் சந்தைக்கு வரும். மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விதைத்த மசூரின் நிலை ஜனவரி, பிப்ரவரியில் தெரியவரும். அந்தப் பயிர் மார்ச் வாக்கில் அறுவடைக்கு வரும். ஆகவே டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடைப்பட்ட காலத்தில் கிடைக்கும் நல்ல விலையில் முடித்துவிடுங்கள். துருக்கி, வங்காளதேசம், ஐக்கிய அரபு அமீரகம், பருப்பு என்றாலே மசூரைக் குறிக்கும் இலங்கை ஆகியவையும் வாங்குபவர்கள் என்பதால், இந்தியாவின் கதவு சாத்தினாலும் சந்தை முழுவதும் அடைபடாது, விலைதான் இறங்கும்.

காத்திருக்கலாம் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் நீங்கள் விதைப்பது சிவப்பு மசூர் என்பதே. அதன் தோலை நீக்கி உடைத்து விற்பதால், சேமிப்பில் தோலின் நிறம் சிறிது மங்கினாலும் பெரிய இழப்பில்லை. பச்சை மசூரை முழுதாகவே சமைப்பார்கள்; அதன் நிறம் குதிரில் பழுப்பாக மாற மாற விலை இறங்கும். ஈரம் 16 முதல் 18 சதவீதம் இருக்கும்போதே அறுத்து, குதிரில் காற்றோட்டம் கொடுத்து 13 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். மிகவும் காயவிட்டு அறுத்தால் மணி உடையும். கடுங்குளிரிலும் அப்படியே, வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியைத் தாண்டிய நாளில் லாரி வந்தால் வேறு நாள் கேளுங்கள். அறுவடையானதும் ஒவ்வொரு குதிரிலிருந்தும் மாதிரி எடுத்துத் தானிய ஆணையத்தின் இலவச அறுவடை மாதிரித் திட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். தரம் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான், வாங்குபவர் சொல்லும் தரத்தோடு பேச முடியும்.

பயிர்க் காப்பீட்டுக்கு மாகாண நிறுவனத்திடம் பதிவுசெய்ய மார்ச் 31 கடைசி நாள். மசூருக்கு 160 ஏக்கர் என்று எழுதுங்கள். பயிர் நின்றதும், ஜூன் கடைசி வாரத்தில் மேற்கு வயலின் மேட்டிலும் பள்ளத்திலுமாகப் பத்து இடங்களில் செடிகளை எடுங்கள். கையால் பிடுங்கினால் நோயுற்ற வேர் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். மண்வெட்டியால் ஆழத் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் கழுவி, வேர் முடிச்சு தெரியும்படி வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்து உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா, பச்சையாகவோ சாம்பலாகவோ இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.